ஏழாம் நம்பர் மலையைத் துப்புரவாக்கிய சனிக்கிழமை

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, அவளுடைய கையிலிருந்து முள் எடுத்ததுதான்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்தவள் சேலையை மாற்றாமல் தோட்டத்து வரிசை வீடான லயத்தின் வாசலில் உட்கார்ந்து, வெளிச்சம் விழும்படி உள்ளங்கையை நீட்டினாள். நான் ஊசி முனையை மெழுகுதிரியில் சுட்டுக்கொண்டேன். முள்ளுத்தேங்காய் மட்டையின் முள் உடைந்து உள்ளே தங்கிவிட்டால் சீழ் வைக்கும். வீட்டுக்கு வருகிற ஒவ்வொரு ஞாயிறும் எனக்கு இந்த வேலை இருந்தது.

"கையுறை குடுத்தாங்க இல்ல?"

"குடுத்தாங்க. அத மாட்டிக்கிட்டு உதிரிக்கா பொறுக்குனா கை என்னுது மாதிரியே இல்ல."

"கொஞ்சம் அசையாம இருங்கம்மா."

"நீ குத்தாம எடு. லெபோரட்டரியில மண்ணையும் இப்பிடித்தான் குத்துவியா? பாவம் மண்ணு."

மூன்றாவது முள் ஆழத்தில் இருந்தது. அதை எடுக்கும்போது மட்டும் பல்லைக் கடித்தாள். பிறகு கையை மடக்கி விரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"தெரணியகலைக்கு போகணும். ரஸாக் நானா கடையில வெத சொல்லி வச்சிருக்கேன்."

"நான் வாங்கிட்டு வாறேனே."

"நீ போனா பழைய வெதைய கட்டிக் குடுத்துருவாரு. பாத்து வாங்கணும். நானே போறேன்."

அத்துடன் அந்தப் பேச்சு முடிந்தது. நான் மாலை பஸ்ஸில் இரத்தினபுரிக்குத் திரும்பினேன்.

அம்மாவின் பெயர் பிலோமினா. தோட்டத்தில் பிலோ அக்கா. சிறு வயதிலேயே ரப்பர் பால் வெட்டத் தொடங்கியவள். அப்பா அந்தனி நான் பள்ளிக்கூடத்தில் இருந்தபோதே நோயில் இறந்துவிட்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டிலிருந்து தோட்டத்தில் பதிந்திருந்த ஒரே பெயர் அவளுடையது. அந்தப் பெயரில்தான் நான் படித்தேன். இப்போது இரத்தினபுரியில் ஒரு மண் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்கிறேன். மண்ணைக் காயவைப்பது, சலிப்பது, நிறுப்பது, அதில் என்ன இருக்கிறது என்று எழுதிக் கொடுப்பது.

அவள் பால் வெட்டிய ரப்பர் மரங்கள் கிழடானபோது கம்பனி அவற்றைப் பிடுங்கிவிட்டு, அதே சரிவில் முள்ளுத்தேங்காய் நட்டது. பாம் எண்ணெய் எடுக்கிற மரம். கீழ்க் கிராமத்துச் சிங்களச் சனங்கள் அதைக் கட்டுபொல் என்பார்கள். எங்கள் ஆட்களுக்கும் அதுதான் வாயில் வரும். ஆண்கள் நீளக் கம்பில் கட்டிய அரிவாளால் குலையை வெட்டிச் சாய்ப்பார்கள். பெண்கள் கீழே சிதறும் உதிரிக்காய்களைப் பொறுக்கிச் சாக்கில் சேர்ப்பார்கள். நன்றாகப் பழுத்த காய்தான் முதலில் உதிரும். எண்ணெய் கூடுதலாக இருப்பதும் அதில்தான். அம்மாவின் கூட்டத்துக்குக் கொடுத்திருந்தது ஏழாம் நம்பர் மலை. லயத்துக்குப் பின்னாலேயே இருக்கிறது.

2021ஆம் ஆண்டு இரண்டு செய்திகள் ஒன்றாக வந்தன. வெளிநாட்டு இரசாயன உரம் கிடையாது என்றது அரசாங்கம். முள்ளுத்தேங்காய் இனிமேல் நடக் கூடாது, நட்டதையும் படிப்படியாகப் பிடுங்க வேண்டும் என்றும் சொன்னார்கள். உரம் நின்றதும் குலைகள் சிறுத்தன. எந்த மலையை முதலில் பிடுங்குவது என்ற கேள்வி ஆபீசில் வந்தது. குறைவாகக் காய்க்கிற மலையை என்றார்கள். எங்கள் தோட்டத்தில் அது ஏழாம் நம்பர்.

அந்த மலை போனால் அதில் வேலை செய்யும் பெண்களை மேல் பிரிவுத் தேயிலைக்கு அனுப்புவார்கள். அங்கே படி வெட்டிய செங்குத்து. அம்மாவின் இரண்டு முழங்காலும் தேய்ந்திருந்தன. மேலே ஏற முடியாதவர்களுக்குப் பெயரை வெட்டிவிடுவார்கள். ஒரு பெயரும் இல்லாத வீட்டுக்கு லயத்து அறை எத்தனை நாள் இருக்கும் என்பதை யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

என்னோடு வந்து இருக்கச் சொன்னேன். ஒரு தடவை வந்தாள். ஒரு வாரம் இருந்துவிட்டுப் பையைக் கட்டிக்கொண்டாள்.

"இங்க யாரோட சண்ட போடுறது? நீ காலையில போயிர்ற. பக்கத்து வீட்டுக்காரி சிரிக்கிறா. சிரிச்சா எப்பிடி சண்ட போடுறது?"

அதனால் ஏழாம் நம்பர் நின்றால்தான் அம்மா நிற்பாள் என்று ஆனது.

அப்போதுதான் புதிய சின்ன தொரையாக, அதாவது உதவி மேனேஜராக, அக்ரம் வந்து சேர்ந்தார். ஓப்பநாயக்கப் பக்கத்துக்காரர், விவசாயம் படித்தவர். உரம் இல்லாமலே மலையைத் தூக்கி நிறுத்தலாம் என்று காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் சொன்னார். வெட்டிய மட்டைகளைச் சரிவுக்குக் குறுக்கே வரிசையாக அடுக்க வேண்டும். எண்ணெய் ஆலையில் காய் உதிர்த்த வெற்றுக் குலைகளை டிராக்டரில் திருப்பிக் கொண்டுவந்து மரங்களுக்கு இடையில் ஒரே அடுக்காகப் பரப்ப வேண்டும். மரத்தைச் சுற்றி ஒரு வட்டம் மட்டும் சுத்தமாக இருந்தால் போதும், மற்ற இடத்தில் புல்லும் பன்னச் செடியும் கொடியும் வளரட்டும், யாரும் செதுக்க வேண்டாம் என்றார்.

பெண்கள் சிரித்துவிட்டார்கள். எங்கள் அடுத்த அறைச் சுகந்தி அக்கா சத்தமாகவே கேட்டாள்:

"அப்ப எங்களுக்கு என்னாங்க சேர் வேல? பாம்புக்கு பாய் விரிக்கிறதா?"

இதை வெளியாட்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். ரப்பர்க் காலத்திலிருந்தே எங்கள் பெண்களின் பெருமை தரையில்தான் இருந்தது. சுரண்டி பிடித்துச் செதுக்கிய மண் சிவப்பாக, மொட்டையாக, ஒரு சருகு இல்லாமல் இருக்க வேண்டும். "எங்க மலையில சோத்த கொட்டி அள்ளித் திங்கலாம்" என்பார்கள். கொழும்பிலிருந்து பெரியவர்கள் பார்வையிட வருகிறார்கள் என்றால் கான் என்கிற வடிகால்களைக் கழுவி, கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்து, மலையைச் சீவி முடித்துவிட்டுத்தான் அடுத்த வேலை. சுத்தமில்லாத மலை, குளிக்காத பிள்ளையை வாசலில் நிறுத்துவது போல. அந்தக் கூட்டத்திலேயே சுத்தக்காரி அம்மாதான்.

அவளும் முணுமுணுத்தாள். ஆனால் மலை நிற்க வேண்டும். மட்டைகளை அடுக்கினாள். மற்றவர்களையும் அடுக்க வைத்தாள். வெற்றுக் குலையைக் குவித்துப் போட்டால் காண்டாமிருக வண்டு முட்டையிடும் என்று அக்ரம் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டு, யாராவது ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டால் கத்தினாள்.

பிறகு காத்திருப்பு. அதுதான் அவளால் முடியவில்லை. ரப்பரில் காலையில் வெட்டினால் மதியத்துக்குள் பால் தெரிந்துவிடும். இந்த மரத்தில் பூவா, குலையா என்பது காய்க்கும் காலத்துக்கு வெகு முன்பே உள்ளுக்குள் தீர்மானமாகிவிடும். இன்று மண்ணுக்குச் செய்த நன்மை ஏறக்குறைய இரண்டு வருடம் கழித்துத்தான் தராசில் தெரியும். தொலைபேசியில் விளக்கினேன்.

"இன்னிக்கு குடிச்ச தண்ணிக்கு ரெண்டு வருசம் கழிச்சு காய்க்கிதுன்னா அது என்னாடி மரம்?"

"அதோட சுபாவம் அப்பிடிம்மா."

"சோம்பேறி மரம்."

ஒரு தடவை தேங்காய்ச் சம்பல் கொண்டுபோகிற டப்பாவில் மண் அள்ளி வைத்திருந்தாள். கறுப்பாக, ஈரமாக, ஒரு மண்புழுவும் சேர்த்து. பரிசோதித்தேன். மக்கிய சத்து நன்றாகக் கூடியிருந்தது.

"நல்லா இருக்கும்மா."

"எவ்வளவு நல்லா?"

"ரப்பர் நின்ன காலத்த விட நல்லா."

போனைக் கையில் வைத்துக்கொண்டே சுவருக்கு அப்பால் கூப்பிட்டாள்: "ஏ சுகந்தி, எங்க அனிற்றா என்னா சொல்றான்னு கேளு!"

போன வருடம் குலைகள் கனக்கத் தொடங்கின. டிராக்டர் ஏழாம் நம்பருக்கு இரண்டாம் நடை வர வேண்டியிருந்தது. வேறு மலைகளில் அது நடக்கவில்லை. அக்ரம் கொழும்புக்கு எழுதினார். பயிர் பார்க்கும் பெரியவர் ஒருவர் ஐப்பசி நடுவில், ஒரு திங்கட்கிழமை வருகிறார் என்று பதில் வந்தது. அந்த மலையைப் பிடுங்குவதா, விடுவதா என்பதை அவர் சொல்வார். அக்ரம் இதைப் பெரட்டுக்களத்தில் அறிவித்துவிட்டுத் தங்கச்சியின் கல்யாணத்துக்காக ஊருக்குப் போய்விட்டார்.

அந்தத் திங்களுக்கு முந்திய சனிக்கிழமை மாலை அம்மா என்னை அழைத்தாள். குரல் அப்படி ஒரு சந்தோஷத்தில் இருந்தது.

"அனிற்றா, மலைய வந்து பாரு நீ. அர நாள் வேல முடிஞ்சதும் ஒருத்தி வீட்டுக்கு போகல. எல்லாரும் நின்னு செதுக்கிட்டோம். மட்டையெல்லாம் இழுத்து ஓடப் பள்ளத்துல போட்டாச்சு. அந்த அழுகின குலையெல்லாம் வாரி எடுத்தாச்சு. கொடி, புல்லு, ஒன்னுமில்ல. உச்சியில நின்னா அடி வரைக்கும் தெரியுது. கல்யாண வீடு மாதிரி இருக்கு."



"அம்மா, அந்தப் பெரியவர் எதப் பாக்க வாறாரு?"

"ஏழாம் நம்பர."

"ஏழாம் நம்பர்ல எதப் பாக்க? காயெல்லாம் கணக்குல இருக்கும்மா. அவரு அந்த மட்டையையும் கொடியையும்தான் பாக்க வாறாரு. அதாலதான் காய் கூடிச்சு."

போனில் வேறொரு சத்தம் வந்தது. தகரக் கூரையில் மழை. முதலில் ஒன்றிரண்டாக விழுந்தது. பிறகு வேறு எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் முதல் பஸ்ஸில் போனேன். மழை இரவெல்லாம் பெய்திருந்தது. மூடாக்கு இல்லாத சரிவு வாய்க்கால் வாய்க்காலாக அறுந்து, மேல் பாதியில் வேர்கள் வெளியே தெரிந்தன. அடியில் கான் நிறையச் செஞ்சேறு. இரண்டு வருடம் சேர்ந்த கறுப்பு மண்ணில் பெரும்பகுதி ஓடையோடு போயிருந்தது. அம்மா பூசைக்குப் போகவில்லை. மலை உச்சியில் படங்குச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நின்ற சுகந்தி அக்காதான் பேசினாள்.

"நான் நேத்தே கேட்டேன், என்னாக்கா, கல்லறத் திருநாளுக்கு குழி செதுக்குறது இந்த வருசம் இங்கயான்னு. சிரிச்சிக்கிட்டுத்தான் கேட்டேன். இவங்களும் சிரிச்சாங்க."

"நீயும்தானே செதுக்குன?"  அம்மா திரும்பாமலே கேட்டாள்.

"ஒங்களுக்கு முன்னாடி ரெண்டு நெர முடிச்சேன். இப்ப சொல்லிக்காட்டவா முடியும்?"

திங்கட்கிழமை நான் வேலைக்குத் திரும்பியிருந்தேன். நடந்ததைச் சுகந்தி அக்கா சொன்னாள். பிறகு அக்ரமும் சொன்னார்.

பெரியவர் சிங்களவர், வயதானவர். மலையைப் பார்த்து நின்றார். கல்யாணத்திலிருந்து திரும்பியிருந்த அக்ரம் முந்திக்கொண்டு, "நான் விளங்கப்படுத்திட்டுப் போகல்ல சேர், பிழை என்னோடது" என்று இங்கிலீசில் தொடங்கினார். அம்மா அவரைத் தாண்டி முன்னால் வந்து சிங்களத்தில் சொன்னாள்:

"மஹத்தயா எனவா கியலா அபி சுத்த கெருவா." ஐயா வருகிறார் என்றுதான் நாங்கள் சுத்தம் செய்தோம். "சின்ன மஹத்தயா செய்யச் சொல்லவில்லை. நான்தான் எல்லோரையும் நிறுத்தி வைத்தேன்."

"எடுத்ததையெல்லாம் எங்கே போட்டீர்கள்?"

ஓடைப் பள்ளத்தைக் காட்டினாள். அவர் சறுக்கிச் சறுக்கி இறங்கிப் போய் அந்தக் குவியலைப் பார்த்தார். திரும்பி வரும் வழியில் ஒரு பெரிய பாறை. அதன் மறைவில் இரண்டு வரிசை மட்டை செதுக்குப்படாமல் தப்பியிருந்தது. அதை நீக்கிக் கையால் மண்ணைத் தோண்டிப் பார்த்தார். பிறகு குந்தி உட்கார்ந்து நிறைய நேரம் பார்த்தார்.

காய்க் கணக்கு நன்றாக இருக்கிறது என்றார். ஆனால் இப்படி மொட்டையாக விட்டால் அடுத்த அடைமழைக்கு இந்தச் சரிவு தாங்காது; தாங்காத மலையை வைத்திருக்கச் சொல்லி எழுத முடியாது என்றார். சித்திரைப் புதுவருடம் கழித்து மீண்டும் வருவதாகவும், அப்போது தரை மூடியிருந்தால் ஏழாம் நம்பர் நிற்கும், இல்லாவிட்டால் அதுதான் முதலில் போகும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். போகும்போது அம்மாவிடம் ஒன்று சொன்னாராம்: "அம்மே, அடுத்த முறை நான் வரும்போது எனக்காக ஒன்றும் செய்ய வேண்டாம்."

அம்மா இதை என்னிடம் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு எல்லாவற்றையும் மேலே ஏற்றினார்கள். கீழே இழுக்கச் சரிவு உதவியது; ஏற்றுவதற்குத் தலைதான். காலையில் தோட்ட வேலை, மதியத்துக்குப் பிறகு இது. கார்த்திகை, மார்கழி, தை. குவியலில் வண்டுப் புழுக்கள் கட்டைவிரல் பருமனில் இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கொன்றார்கள். நான் போன ஞாயிறுகளில் அம்மா நான்கு வார்த்தைக்கு மேல் பேசமாட்டாள். கையை நீட்டுவாள், நான் முள் எடுப்பேன், அப்படியே சுவரில் சாய்ந்து தூங்கிவிடுவாள்.

ஒரு நாள் நானும் இரண்டு கட்டு தூக்கினேன். எனக்கு முன்னால் போன சுகந்தி அக்கா கத்திக்கொண்டே ஏறினாள்.

"பிலோ அக்கா, நீங்க சொல்லி கீழ போட்டோம். நீங்க சொல்லி மேல தூக்குறோம். அடுத்து எங்கன்னு இப்பவே சொல்லிருங்க."

"ஒன் வாயில."

"அது பத்தாதுங்க்கா, குல பெருசு."

"ஒன் வாய்க்கு பத்தாததா?"

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்ததில் மூச்சு வாங்கி எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். எழுந்திருக்க யாருக்கும் மனமில்லை. அம்மாதான் முதலில் எழுந்தாள், மரத்தைப் பிடித்துக்கொண்டு.

நடு மலையில் மூச்சு வாங்கி நிற்கும் பழக்கம் அவளுக்கு அப்போதுதான் வந்தது. வயது என்றாள். கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். மாத்திரை தந்தார்கள். ஒழுங்காகக் குடித்தாள்.

மாசியில் மட்டையும் குலையும் பழைய இடத்துக்கு வந்துவிட்டன. கொடி மட்டும் வரவில்லை. மேல் பாதியில் வேரோடு செதுக்கியிருந்தார்கள். ஆலையிலிருந்து வரும் குலை அந்தச் சரிவு முழுவதையும் மூடக் காணாது. இளம் ரப்பருக்கு அடியில் முன்பு படரவிட்ட, ஊதாப் பூப்பூக்கிற கொடி அவள் நினைவில் இருந்தது. அது போதுமா என்று என்னிடம் கேட்டாள். போதும், மண்ணையும் பிடிக்கும், மண்ணுக்கு உரமும் சேர்க்கும் என்றேன். அக்ரம் கம்பனியிடம் விதை கேட்டிருந்தார். எப்போது வரும் என்று தெரியவில்லை. பங்குனி மழைக்கு முன்பு விதை கையில் இருந்தால்தான் பெரியவர் வருவதற்குள் தரை பச்சையாகும். அம்மா தெரணியகலையில் அப்துல் ரஸாக்கின் விதைக் கடைக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

முள் எடுத்த ஞாயிறு கழிந்து வந்த புதன்கிழமை, உதிரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவள் சாக்கைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். நெஞ்சு என்றாளாம். டிராக்டர்ப் பெட்டியில் ரோட்டுக்கு இறக்கி, முச்சக்கர வண்டியில் கரவனெல்ல ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சுகந்தி அக்கா மடியில் தலை. நான் அவிசாவளையில் பஸ் மாறி வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மாரடைப்பு என்றார் டாக்டர். கொண்டுவரும்போதே நிலைமை மோசம் என்றார். வேறு கேள்வி எனக்கு இருக்கவில்லை.

அவளுடைய வலது கையைப் பார்த்தேன். நான் எடுத்த இடங்கள் ஆறியிருந்தன. புதிதாக இரண்டு இருந்தன.

தோட்டத்து மயானத்தில் அப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தோம். ஏழாம் நாள் பூசைக்கு முன்பு பெண்கள் சுரண்டிகளோடு வந்து நின்றார்கள். குழியைச் சுற்றிப் புல் முளைத்திருந்தது. சுகந்தி அக்கா சுரண்டியைத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"செதுக்கவா, விடவா?"

"செதுக்குங்கக்கா. அவங்களுக்கு அதுதான் புடிக்கும்."

செதுக்கினார்கள். ஒரு சருகு இல்லாமல்.

முப்பத்தோராம் நாள் வரைக்கும் அறையை வைத்திருக்கலாம் என்று ஆபீசில் சொன்னார்கள். அதற்குப் பிறகு அந்த அறையில் எனக்கு வேலை இல்லை. ஏழாம் நம்பரில் மற்றவர்களுக்கு இருக்கிறது. சுகந்தி அக்காவுக்கு ஆஸ்துமா. அவளாலும் மேல் பிரிவுக்கு ஏற முடியாது.

இன்று காலை பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தபோது அம்மாவின் போன் அடித்தது. விதைக் கடை ரஸாக் நானா.

"பிலோமினா தங்கச்சி, என்ன ஆளக் காணல்ல? வெத வந்தீக்கி. புது வெத, நீங்க கேட்ட மாதிரி. சுடுதண்ணில ஊறப்போட்டுத்தான் நடணும், மறந்துராதீங்க. மழ வரப் போகுது, லேட்டாக்க வாணாம்."

"நானா, நான் அவங்க மக, அனிற்றா."

"ஆ, மகளா? அம்மாட்ட குடுங்களேன்."

சொன்னேன். அவர் மெதுவாக அறபியில் எதையோ ஓதினார். பின்னால் கடையில் யாரோ ஆணி கேட்கும் சத்தம் வந்தது. அவர் அந்த ஆளைப் பொறுக்கச் சொன்னார்.

"அப்ப இந்த வெதய என்ன செய்ய மக? வேற ஆளுக்குக் குடுக்கவா?"

"வேணாம் நானா. யாருக்கும் குடுக்க வேணாம்."

"சரி. மேசைக்குக் கீழ வச்சீக்கேன். சாக்குல பேரும் எழுதியீக்கி."

வாசலுக்கு வந்து பார்த்தேன். ஏழாம் நம்பரின் கீழ்ப் பாதி மட்டை வரிசைகளோடு கிடந்தது. மேல் பாதி இன்னும் சிவப்பு. எதிரே மாணிக்கவத்தைப் பக்கம் மேகம் கட்டியிருந்தது. தெரணியகலைக்கு அடுத்த பஸ் மத்தியானம்.